தோழி: சங்கப் பாடலிலிருந்து மணமேடை வரை

(க.பொ.த. உயர்தரக் கலைப் பிரிவு மாணவி)

திருமணம் இருவருக்கிடையிலான உடன்படிக்கை என்றாலும் அதனை இருவர் மட்டும் தனியே நடத்திக்கொள்வதில்லை. பெற்றோர், உறவினர், அயலவர், நண்பர் என்று பலர் சூழ நின்று நடத்தி வைக்கிறார்கள். அவ்வாறு நிற்போருள் மணமகளுக்கு மிக அருகில் நிற்பவள் தோழி. மணமகனுக்கு மிக அருகில் நிற்பவன் தோழன். இவ்விருவரிடமும் அன்று எதனை எதிர்பார்த்தார்கள், இன்று நாம் எதனை எதிர்பார்க்கிறோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனக்கு வயது பதினேழு. உயர்தரப் பரீட்சை முடிந்து சில ஆண்டுகளுக்குள் நம் வகுப்புத் தோழியரின் திருமண அழைப்பிதழ்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். சிலருக்கு இப்போதே பேச்சுக்கால் தொடங்கிவிட்டது. அப்போது நம்மில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தோழியாக நிற்கப் போகிறோம். ஆகவே இது எங்கோ உள்ள விடயம் அன்று. நமது வீட்டு வாசலில் நிற்கும் விடயம்.

தமிழ் மரபில் தோழி

சங்க அகப்பாடல்களைப் படிக்கும்போது நம் காதில் அடிக்கடி விழுவது தோழியின் குரல். தொல்காப்பியம் தோழியைச் செவிலித்தாயின் மகள் என்று கூறுகிறது. அதாவது தலைவியும் தோழியும் ஒரே கையில் சோறுண்டு வளர்ந்தவர்கள். தலைவியின் முகம் வாடினால் காரணம் கேட்காமலே அறிந்துகொள்ளக் கூடியவள் அவள்.

அவளுடைய வேலைகள் பல. தலைவன் சொல்வதை உடனே நம்பிவிட மாட்டாள். அவனுடைய உள்ளத்தைச் சோதித்துப் பார்ப்பாள். காலம் கடத்துகின்றவனிடம், விரைவில் வந்து ஊரறிய மணந்துகொள் என்று வற்புறுத்துவாள். இதனை இலக்கணம் ‘வரைவு கடாதல்’ என்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது ‘அறத்தொடு நிற்றல்’. தலைவியின் மனம் ஓரிடத்தில் இருக்க, வீட்டார் வேறிடத்தில் மணம் பேசும்போது தோழி வாய் திறக்கிறாள். அவள் செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரிவிக்கிறாள். இவ்வாறு உண்மை படிப்படியாக ஏறிச் செல்கிறது. அந்தப் படியின் முதல் காலடி தோழியுடையது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்கப் பாடப்பட்டது என்பர். அதில் வரும் 99 பூக்களின் பெயர்களை நாம் வியந்து படிக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டு முழுவதும் தோழி ஒருத்தி தன் தாயாகிய செவிலியிடம் பேசும் பேச்சு என்பதை மறந்துவிடுகிறோம். மகளுக்கு ஏதோ நோய் என்று கலங்கி நிற்கும் தாயிடம், அது நோயன்று என்று பக்குவமாக எடுத்துச் சொல்வதற்காகவே அத்தனை அடிகளும் எழுந்தன.

சங்ககாலத்துக் களவு வாழ்க்கை நமது மார்க்க நெறிக்குப் பொருந்துவதன்று. அதனை நான் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளவில்லை. தோழி தன் தோழிக்காக எடுத்துக்கொண்ட பொறுப்பையே நோக்குகிறேன். அவள் பேசியது ‘காதலொடு நிற்றல்’ என்றோ ‘நட்பொடு நிற்றல்’ என்றோ பெயர் பெறவில்லை. ‘அறத்தொடு நிற்றல்’ என்றே பெயர் பெற்றது. உண்மையைப் பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்வது அறம் என்று நம் முன்னோர் கருதினர்.

திருமண நாளன்று பெண்ணைச் சூழ நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86 ஆம் பாடல் சான்றாகிறது. உழுந்து சேர்த்துச் சமைத்த சோறு, வரிசையாகக் கால் நட்ட பந்தல், பரப்பிய புது மணல், விளக்கு, மாலைகள், இவற்றோடு ஓர் அதிகாலைத் திருமணம். முதிய பெண்கள் தலையில் குடமும் கையில் அகன்ற பாத்திரமுமாக வருகின்றனர். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடிப் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி, கணவன் விரும்பிப் பேணும் மனைவியாக வாழ்க என்று வாழ்த்துகின்றனர். அந்த நால்வரிடம் எதிர்பார்க்கப்பட்டவை இரண்டே: கையுதவியும் வாழ்த்தும்.

இஸ்லாமிய வரலாற்றில்

நிக்காஹ் நிறைவேறுவதற்கு வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல் ஆகியவை வேண்டும். மணமகளுக்கு மஹர் அவளது உரிமை. இந்தப் பட்டியலில் தோழியோ தோழனோ இல்லை. ஆயினும் மணப்பெண்ணைத் தயார்படுத்தும் பெண்கள் நபியவர்களின் காலத்திலும் இருந்தார்கள்.

ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் திருமணம் செய்தபோது, மணமகளை அலங்கரித்து ஒப்படைத்தவர் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள். அது பயணத்தின் நடுவில் நடந்த திருமணம். வலீமாவுக்கு என்று தனியே எதுவும் இருக்கவில்லை. ஒரு விரிப்பை விரித்து, யாரிடம் என்ன உள்ளதோ கொண்டு வாருங்கள் என்று கேட்கப்பட்டது. ஒருவர் பேரீச்சம் பழமும், ஒருவர் நெய்யும், ஒருவர் உலர்ந்த பாற்கட்டியும் கொண்டு வந்தனர். அவற்றைக் கலந்து செய்த உணவே வலீமா விருந்தாயிற்று. உள்ளவர் உள்ளதைக் கொண்டு வந்தார்கள். இல்லாதவர் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு செய்தி என் மனத்தை மிகவும் தொட்டது. ஸஹீஹுல் புஹாரியில், அன்பளிப்புகள் பற்றிய பகுதியில் வருகிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் பருத்தியாலான சாதாரண ஆடை ஒன்று இருந்தது. நபியவர்களின் காலத்தில் மதீனாவில் எந்தப் பெண் மணப்பெண்ணாக அலங்கரிக்கப்பட்டாலும், ஆளனுப்பி அந்த ஆடையை இரவல் பெற்றுச் செல்வார்களாம். பிற்காலத்தில் அதே வகையான ஆடையை வீட்டிலிருந்த பணிப்பெண்கூட அணிய விரும்பவில்லை என்று அன்னையவர்கள் சொல்லிக் காட்டினார்கள். ஓர் ஊரின் மணப்பெண்களுக்கு ஓர் ஆடை கைமாறிக் கைமாறிச் சென்றிருக்கிறது. தோழமை என்பது அங்கே இரவல் கொடுப்பதாக இருந்தது.

நமது ஊர் வழக்கம்

நான் கிழக்கிலங்கையின் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். என் உம்மம்மா தன் காலத்துக் கலியாணங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘தோழி’ என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை. ‘கூட நிண்ட புள்ளயள்’ என்றுதான் சொல்லுவார். அந்தப் பிள்ளைகள் முதல் நாளே வந்து மருதோன்றி இலை அரைப்பார்கள். பலகாரம் சுடுவார்கள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்கள் குரவையிடுவார்கள். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்க, மாப்பிள்ளை அவனுடைய விரலில் மோதிரம் போடுவார். யாழ்ப்பாணத்து இந்துத் திருமணங்களிலும் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று இவ்வாறே காலைக் கழுவி மோதிரம் பெறுவதுண்டு.

இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. இந்த வழக்கத்தில் உடன் நிற்பவன் பெற்றுக்கொண்டுதான் போகிறான். அவனிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒரு செம்பு தண்ணீரும் மரியாதையுமே. செலவு திருமணம் நடத்துகின்றவர்களுடையது.

இன்றைய மேடை

ஒரே நிறத்தில் உடுத்து வரிசையாக நிற்கும் தோழியர் நமக்கு மேற்கிலிருந்து வந்தவர்கள். பழைய ரோமரின் திருமணத்தில் கணவனோடு வாழும் ஒரு மூத்த பெண் மணமக்களின் வலது கைகளை இணைத்து வைப்பாள். அவர்களது மிகப் பழைய சமயத் திருமண முறைக்குப் பத்துச் சாட்சிகள் வேண்டியிருந்தனர். 1840 பெப்ரவரி 10 ஆம் திகதி விக்டோரியா மகாராணியின் திருமணம் இலண்டனில் நடந்தபோது பன்னிரண்டு தோழியர் வெண்ணிற ஆடையில் அவரது நீண்ட பின்னாடையைத் தாங்கிச் சென்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மகாராணி கழுகு வடிவப் பதக்கம் ஒன்றைப் பரிசளித்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் தேவாலயத் திருமணங்கள் வழியாக இலங்கையில் பழக்கமான இந்த வரிசை, பின்னர் புகைப்படங்களின் வழியாகவும் திரைப்படங்களின் வழியாகவும் எல்லாச் சமூகத்தவரின் மண்டபங்களுக்கும் வந்து சேர்ந்தது.

பிரித்தானிய வழக்கத்தில் தோழியரின் ஆடைக்கு மணமகள் வீட்டாரே செலவு செய்வர். அமெரிக்க வழக்கத்தில் தோழியரே தம் ஆடைக்குப் பணம் கொடுப்பர். நாம் எந்தக் கலந்துரையாடலும் இல்லாமல் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டோம் போலத் தெரிகிறது.

இன்று தோழியாக நிற்பதற்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் நிறம் அறிவிக்கப்படும். பிறகு துணி, தையற்கூலி, அதற்குப் பொருத்தமான ஹிஜாப், செருப்பு, வளையல். மருதோன்றி இரவுக்கு ஓர் உடை, திருமணத்துக்கு ஓர் உடை, வலீமாவுக்கு ஓர் உடை. அலங்காரம் செய்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் அன்பளிப்புக்குப் பங்கு. மண்டபத்துக்குப் போய்வரும் வாகனச் செலவு. இவை ஒவ்வொன்றும் சிறிது. கூட்டினால் ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் செலவை எட்டிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு திருமணத்தில் ஆறு தோழியர் நிற்பதாக ஏற்பாடு. நிறம் அறிவிக்கப்பட்ட அன்று ஒருத்தி குழுவில் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து, “எனக்கு அண்டைக்கு கிளாஸ் இரிக்கி” என்று மட்டும் எழுதினாள். அன்று வகுப்பு எதுவும் இல்லை என்பது அவளோடு படிக்கும் எங்களுக்குத் தெரியும். அவளுடைய வாப்பா ஓட்டோ ஓட்டுகிறார். கீழே இரண்டு தங்கைமார் படிக்கிறார்கள். சிறுவயதிலிருந்து மணப்பெண்ணின் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் அவள். படத்துக்கு ஆறு பேர் வேண்டும் என்பதால் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி சேர்க்கப்பட்டாள். திருமண நாளன்று அவள் விருந்தினர் வரிசையில் தன் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை; நிறம்தான் சொல்லிற்று.

மணமகளிலும் பிழையில்லை என்றே நினைக்கிறேன். அவளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். எல்லாருடைய திருமணப் படத்திலும் ஆறு பேர் நிற்க, தன்னுடையதில் இருவர் மட்டும் நின்றால் தனக்குத் தோழியர் இல்லை என்று ஊர் நினைத்துவிடுமோ என்ற பயம். நட்பு மனத்தில் இருக்கும்போது அதனை எண்ண முடியாது. மேடையில் நிறுத்தினால் எண்ணலாம். அதனால்தான் நாம் மேடையை நம்பத் தொடங்கிவிட்டோம்.

மாப்பிள்ளைத் தோழர்

ஆண்பிள்ளைகளின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. ஒரே நிறக் கோட்டு, சூட்டு, வாடகை வாகனங்கள், வீதியை அடைத்துச் செல்லும் மோட்டார் சைக்கிள் ஊர்வலம், பட்டாசு. இவற்றை ஒழுங்கு செய்பவனே சிறந்த தோழன் என்று பெயர் வாங்குகிறான். இப்போதுதான் முதல் சம்பளம் எடுத்த ஓர் இளைஞன் நண்பனுக்காகக் கடன்பட்டு உடை தைக்கிறான்.

ஆனால் மாப்பிள்ளையிடம் உரிமையோடு பேசக் கூடியவன் அவனே. “மஹர் எவ்வளவு? அதை உன் உழைப்பிலா கொடுக்கிறாய்? பெண் வீட்டில் கைக்கூலி கேட்டாயா? வீடு கேட்டாயா?” என்று தனியே அழைத்துக் கேட்க நண்பனால் முடியும். பெரியவர்கள் கேட்டால் சண்டையாகும். நண்பன் கேட்டால் சிந்தனையாகும். ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்காக வெளிநாடு சென்று உழைக்கும் வாப்பாமாரும் காக்காமாரும் நம் ஊர்களில் எத்தனை பேர்! அந்தச் சுமையை ஒரு கேள்வியால் குறைக்கக் கூடிய தோழன், பட்டாசு கொளுத்துவதோடு நின்றுவிடுகிறான். கேட்பானாயின், அதுவும் அறத்தொடு நிற்றலே.

மௌனத்தை வாசிப்பவள்

பெண்ணின் சம்மதம் பெறப்பட வேண்டும் என்று இஸ்லாம் வலியுறுத்துகிறது. கன்னிப் பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, அவளது மௌனமே அவளது அனுமதி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். விருப்பமின்றித் தன் தந்தை மணமுடித்து வைத்ததாக கன்ஸா பின்த் கிதாம் (ரழி) என்ற பெண் முறையிட்டபோது அத்திருமணத்தை நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். மௌனத்துக்கு மதிப்புக் கொடுத்த அதே மார்க்கம் மறுப்புக்கும் மதிப்புக் கொடுத்திருக்கிறது.

நமது நாட்டில் முஸ்லிம்களின் திருமணங்களுக்கென 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆக்கப்பட்டது. பதிவின்போது மணமகனும் வலீயும் கையொப்பமிட ஏற்பாடு செய்த அச்சட்டம், மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. மணமகளும் கையொப்பமிட வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் பல காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். சட்டம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் கற்றவள் அல்லள். ஆனால் ஒரு பெண்ணின் சம்மதம் பெரும்பாலும் அவளது மௌனத்திலேயே தங்கியிருக்கும்போது, அந்த மௌனத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம் அல்லவா?

வெட்கத்தால் வரும் மௌனம் ஒன்று. பயத்தால் வரும் மௌனம் ஒன்று. “வாப்பா கடன் எடுத்துவிட்டார், இனி என்ன சொல்ல” என்ற மௌனம் ஒன்று. “கம்பஸ் கிடைத்தால் படிக்க விடுவார்களா” என்று கேட்கத் தெரியாத மௌனம் ஒன்று. வெளியில் பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலத் தெரியும். பத்து ஆண்டுகள் ஒரே வாங்கில் இருந்து படித்தவளுக்கு வேறுபாடு தெரியும். குறிஞ்சிப்பாட்டின் தோழிக்குத் தெரிந்ததும் இதுதான். தாய் நோய் என்று நினைத்ததை அவள் நோயல்ல என்று அறிந்தாள். அறிந்ததை மறைக்காமல் சொன்னாள்.

நாம் செய்யக் கூடியவை

இவற்றை நோக்கும்போது, தோழியிடம் எதிர்பார்க்க வேண்டியவற்றை நாம் இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்பது புலனாகும். கட்டாயமில்லாத உடையைக் கட்டாயமாக்கிவிட்டு, கட்டாயமான உண்மையை விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம். இதனைச் சீராக்க ஆலிம்களோ சட்டத்தரணிகளோ வர வேண்டியதில்லை. நம்மாலேயே முடியும்.

மணப்பெண்ணாகப் போகும் சகோதரியே, உன் தோழியரை அழைக்கும்போது நிறத்தைச் சொல்லி அழைக்காதே. அவரவரிடம் உள்ள நல்ல உடையில் வரச் சொல். ஒரே நிறம் உனக்கு ஆசையென்றால் ஹிஜாப் துணியை மட்டும் ஒரே நிறத்தில் நீயே வாங்கிக் கொடு. அன்பளிப்புப் பங்கைக் கேட்காதே. வர முடியாது என்று ஒருத்தி சொன்னால், காரணத்தைக் குழுவில் கேட்காமல் அவள் வீட்டுக்குப் போய்க் கேள்.

தோழியாகப் போகும் சகோதரியே, நாள் குறிக்கப்படும் முன்பே ஒரு மாலை நேரம் அவளோடு தனியாக இரு. மாமிமாரும் சாச்சிமாரும் சூழ்ந்திருக்கும்போது கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். “உனக்கு விருப்பமா?” என்று கேள். படிப்பைப் பற்றிக் கேள். மாப்பிள்ளையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கேள். அவள் மகிழ்ச்சியோடு இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். மருதோன்றி அரைக்கத் தொடங்கு. அவள் கலங்கினால் அதனை ஊருக்குப் பரப்பாதே. அவளுடைய அனுமதியோடு அவளுடைய உம்மாவிடமோ, அவள் நம்பும் மாமாவிடமோ, நம் ஆசிரியை ஒருவரிடமோ பணிவாக எடுத்துச் சொல். தொல்காப்பியம் அறத்தொடு நிற்கும் முறைகளை ஏழாக வகுத்துள்ளது. அவற்றுள் கலந்து ஆலோசிப்பதுபோலப் பேசும் உசாதலும் உண்டு. உண்மையை நேரே சொல்லுதலும் உண்டு. எதனை எங்கே கையாள்வது என்று நமக்குத் தெரியாமலா போகும்?

பெற்றோர்களே, மகளின் தோழி ஒருநாள் தயங்கித் தயங்கி உங்கள் வீட்டுக்கு வந்து ஏதேனும் சொல்ல முற்பட்டால், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சங்கத்துச் செவிலி தோழியின் பேச்சைக் கேட்டதால்தான் அச்செய்தி நற்றாய்க்கும் தந்தைக்கும் எட்டியது. கேட்பதற்கு ஒருவர் இல்லையென்றால் அறத்தொடு நிற்பவள் தனியே நிற்க வேண்டியிருக்கும்.

மண்டபத்தின் மின்விளக்குகள் நள்ளிரவுக்கு முன் அணைந்துவிடும். வாடகைக் கோட்டுகள் கடைக்குத் திரும்பிவிடும். ஒரு நிறத்தில் தைத்த ஆடை அதன் பிறகு அலுமாரியில் மடிந்து கிடக்கும். மணமகள் மட்டும் அடுத்த நாள் காலையில் புதிய வாழ்க்கைக்குள் எழும்புவாள். அந்தக் காலை அவளுக்கு இனிதாக அமைவதற்கு நாம் என்ன செய்தோம் என்பதே நம் தோழமைக்கு உரைகல். உடையால் ஒன்றாகத் தோன்றும் தோழியர் ஆறு பேரைவிட, உண்மையைக் கேட்டறியும் தோழி ஒருத்தி நம் ஒவ்வொருவருக்கும் வாய்க்கட்டும். நாமும் ஒருத்திக்கு அவ்வாறு வாய்ப்போமாக.